கொரில்லாவா, சிம்பன்சியா, ஒராங்குட்டானா: பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

காலாண்டு விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்தது. அக்கா மகளுக்கு 9 வயது. அவளுக்குக் கொரில்லாதான் வேண்டும், வேறு பேச்சே கிடையாது. அவள் தம்பிக்கு 4 வயது. எந்தக் குரங்கானாலும் சரி, அது ஓட வேண்டும், குதிக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கோரிக்கை. அத்தான் ஒரு வீடியோவைப் போட்டு, "சிங்கப்பூர் போயிடலாம், ஒராங்குட்டான் தலைக்கு மேலேயே தொங்குது பாருங்க" என்றார். அப்பாவுக்கு 72 வயது. அவர் ஒரே வரிதான் எழுதினார்: "வண்டலூரில் இல்லாத குரங்கா?"

கடைசியில் வழக்கம்போல "மாமா நீங்களே சொல்லுங்க" என்று என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு வீடு பெருங்களத்தூரில். வண்டலூர் அடுத்த ஸ்டேஷன். வருடத்துக்கு நாலைந்து தடவை உயிரியல் பூங்காவுக்குப் போகிறவன் என்பதால் இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு வீட்டில் கொஞ்சம் மரியாதை உண்டு. மைசூருவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். சிங்கப்பூருக்கு ஒரே தடவை, அதுவும் ஆபீஸ் செலவில்.

அப்பாவின் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. அவர் தலைமுறைக்கு எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்', மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. 1855-இல் அந்த மியூசிய வளாகத்திலேயே தொடங்கி, அப்புறம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, 1985-இல் வண்டலூரில் குடியேறிய பழைய ஸ்தாபனம் அது. இன்றைக்கு 602 ஹெக்டேர். ஆனாலும் மனிதக் குரங்கு என்று பார்த்தால் அங்கே உள்ளது சிம்பன்சி மட்டும்தான். கொரில்லாவும் ஒராங்குட்டானும் வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்து ஊர் மைசூரு. ஒராங்குட்டானை மரத்தின் மேல், கயிற்றின் மேல், அது பாட்டுக்குத் திரியும்போதே பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர். ஆக, எந்தக் குரங்கு என்று முடிவு செய்தால் எந்த ஊர், எவ்வளவு செலவு என்பதும் அதோடு முடிந்துவிடும்.

எது பிரபலம் என்று கேட்டால் சினிமாக் கணக்கில் சொல்வது எனக்குச் சுலபம். கொரில்லா முதல் நாள் முதல் காட்சி. சிம்பன்சி நூறு நாள் ஓட்டம். ஒராங்குட்டான், டிவியில் போடும்போதெல்லாம் சேனலை மாற்றாமல் உட்கார்ந்து பார்க்கிற படம். பெயரைக் கேட்டு வருகிற கூட்டம் வேறு, வந்த இடத்தில் நிற்கிற கூட்டம் வேறு. இதைச் சேர்த்துக் குழப்புவதால்தான் பல குடும்பங்கள் காசு செலவழித்துப் போய், பிள்ளை 'போலாம்ப்பா' என்று சட்டையை இழுக்கத் திரும்பி வருகின்றன.

முதலில் சிம்பன்சி. வண்டலூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிம்பன்சி இருக்கும் அகழிக்கு எதிரே நின்று பாருங்கள். வெள்ளைப்புலிக்கு அடுத்தபடியாக ஜனங்கள் கைப்பிடிச் சுவரை விட்டு நகராமல் நிற்கும் இடம் அதுதான் என்பது என் அனுபவம். (வெள்ளைப்புலியை யாராலும் அடிக்க முடியாது. சிவகார்த்திகேயன்கூட 2018-இல் அனு என்ற வெள்ளைப்புலியைத்தானே தத்தெடுத்தார்!) போன மாதம் பார்த்த காட்சி ஒன்று. சிம்பன்சி ஒன்று பழத்தைக் கடித்து மென்று, சக்கையை விழுங்காமல் கீழுதட்டில் அதக்கி வைத்துக்கொண்டது. உதட்டை ஒரு கரண்டி மாதிரி முன்னால் நீட்டி, கண்ணைத் தாழ்த்தி அந்தச் சக்கையை எட்டிப் பார்த்தது. மறுபடி உள்ளே இழுத்து ஒரு உறிஞ்சு. மறுபடி நீட்டி ஒரு பார்வை. பக்கத்தில் நின்ற பாட்டி பேத்தியிடம் சொன்னார்: "பாருடி, வெத்தலையை அதக்கி வச்சிருக்கிற மாதிரியே இருக்கு." நான் போய்ச் சேர்ந்ததிலிருந்து கிளம்புகிறவரை பாட்டி அங்கேயேதான் இருந்தார். சாறு முழுக்க இறங்கும்வரை சக்கையை இப்படி உதட்டில் வைத்துப் பிழிவது காட்டுச் சிம்பன்சிகளுக்கும் உள்ள பழக்கம்தான்.

சிம்பன்சியின் பலம் இதுதான். ஏதாவது செய்துகொண்டே இருக்கும். தாவும், சண்டை போடும், சமாதானமாகும், பேன் பார்க்கும், சும்மா இருக்கும் இன்னொன்றை வம்புக்கு இழுக்கும். கூட்டமாக வாழ்கிற பிராணி என்பதால் அங்கே எப்போதும் ஒரு கதை ஓடும். நாலு வயதுப் பையனுக்கு விளக்கமே தேவையில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1926-இல் தொடங்கி 1972 வரை சிம்பன்சிகளை மேஜையில் உட்காரவைத்து 'டீ பார்ட்டி' நடத்தினார்கள். பார்க்க அவ்வளவு கூட்டம். அவை கொஞ்ச நாளில் ஒழுங்காகக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கப் பழகிவிட்டதால் ஜனங்களுக்குச் சுவாரசியம் குறைந்து, வேண்டுமென்றே அட்டகாசம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். யார் குரங்கு என்று அங்கே கொஞ்சம் குழப்பம்தான்.

அதே சமயம், சிம்பன்சி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். இரண்டு வரிசைப் பல்லும் தெரிய அது வாயை இழுப்பது பெரும்பாலும் பயத்தில். சுவரைத் தட்டி, விசிலடித்து, 'ஏய் சிரிக்குதுடா' என்று கத்துகிற அண்ணன்மார்கள் உண்மையில் பார்ப்பது ஒரு பயந்த முகத்தை. எல்லாச் சிம்பன்சியும் பொறுத்துக்கொண்டு போகும் என்றும் சொல்ல முடியாது. ஸ்வீடனில் ஃபூருவிக் பூங்காவில் சாண்டினோ என்று ஒரு ஆண் சிம்பன்சி இருந்தது. காலையில் பூங்கா திறப்பதற்கு முன்பே கற்களைப் பொறுக்கிக் குவித்து வைத்துக்கொள்ளும். பார்வையாளர்கள் வந்ததும் எடுத்து வீசும். கோபத்தில் கைக்குக் கிடைத்ததை எறிவது வேறு. இது முன்கூட்டியே திட்டமிட்ட ஏற்பாடு என்று 2009-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. 2022 டிசம்பரில் அந்தப் பூங்காவிலிருந்து சிம்பன்சிகள் தப்பி வெளியே வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டவற்றில் சாண்டினோவும் ஒன்று. சிம்பன்சியைக் கோமாளி என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. கேட்டதும் சுவரிலிருந்து ஒரு அடி பின்னால் நகருவார்கள்.

சரி, கொரில்லா. அக்கா மகள் ஒற்றைக் காலில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. சினிமாவும் கார்ட்டூனும் வீடியோ கேமும் சேர்ந்து கொரில்லாவுக்குக் கொடுத்த விளம்பரம் வேறு எந்தக் குரங்குக்கும் கிடைக்கவில்லை. வளர்ந்த ஆண் 150 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், முதுகில் வெள்ளி நரை, இரும்பு பீரோ மாதிரி தோள். இந்தியாவில் அதைப் பார்க்க மைசூருவை விட்டால் வேறு இடம் இல்லை என்பதும் ஒரு கவர்ச்சி. 1892-இல் தொடங்கிய அந்தப் பூங்காவுக்கு 1995-இல் டப்ளினிலிருந்து போலோ என்ற ஆண் கொரில்லா வந்தது. இந்தியாவின் ஒரே கொரில்லா என்ற பட்டத்தோடு, துணையில்லாமல் பல வருடம் தனியாகவே இருந்து 2014-இல் செத்துப் போனது. அப்புறம் ஏழு வருடம் இந்தியாவில் கொரில்லாவே இல்லை. 2021-இல்தான் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்று இரண்டு ஆண்கள் வந்து சேர்ந்தன. அப்போது ஒன்றுக்கு 14 வயது, இன்னொன்றுக்கு 8.

ஏன் இரண்டும் ஆண் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கொரில்லாக் குடும்பத்தில் ஒரு பெரிய ஆணும் பல பெண்களும்தான் இருப்பார்கள். ஆனால் பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. அதனால் உலகம் முழுக்கப் பூங்காக்களில் 'வேலையில்லாத' ஆண்கள் மிஞ்சுகின்றன. அவற்றைச் சேர்த்து ஒரு பேச்சலர் குழுவாக வைப்பது அங்கெல்லாம் வழக்கம். நம் ஊர் மேன்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கசப்பான உண்மை. கொரில்லா பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். இலையும் தண்டும் தின்கிற உடம்பு, அதைச் செரிக்க நேரம் வேண்டும். எனவே தின்னும், உட்காரும், படுக்கும். இரண்டு வருடத்துக்கு முன் நான் போனபோது பெரியது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தண்டை உரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் "ஏம்ப்பா, கொஞ்சம் திரும்பேன்" என்று தமிழிலேயே கெஞ்சினார். சேலத்துக்காரராம். பத்து நிமிடத்தில் எங்களைச் சுற்றி நின்ற கூட்டம் மூன்று தடவை மாறியது. ஒரு போட்டோ, 'அவ்ளோதானா?', அடுத்து ஒட்டகச்சிவிங்கி. காத்திருந்த நாலைந்து பேருக்கு மட்டும் அது கிடைத்தது. தண்டைக் கீழே போட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் தலையைத் திருப்பி, புருவ எலும்புக்குக் கீழே இருந்து ஒரு பார்வை. அரை நிமிடம்கூட இருக்காது. அதுவரை வளவளவென்று பேசிக்கொண்டிருந்த சேலத்துக்காரர் வாயை மூடிக்கொண்டார். செல்போனைத் தூக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சிம்பன்சியிடம் எனக்கு ஒரு தடவையும் அப்படி ஆனதில்லை.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் 'கை' (Guy) என்ற பெயரில் ஒரு கொரில்லா இருந்தது. 1947 நவம்பர் 5 அன்று வந்து, 1978-இல் சாகும்வரை அந்த ஊரின் செல்லப்பிள்ளை. அதன் கூண்டுக்குள் பறந்து வரும் சிட்டுக்குருவியை உள்ளங்கையில் மெதுவாக எடுத்து உற்றுப் பார்த்துவிட்டுப் பறக்க விடும் என்பார்கள். ஜனங்கள் அதன் பலத்தைப் பார்க்க வந்து இந்தச் சாதுத்தனத்தில் விழுந்துபோனார்கள். கொரில்லாவின் புகழ் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் எதிரே நின்று மார்பில் தட்டிக்காட்டுவதும் கண்ணோடு கண் முறைப்பதும் அதன் மொழியில் சண்டைக்குக் கூப்பிடுவது. வேண்டாம்.

மைசூரு பயணத்தில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போனபோது ஒரு டிராவல்ஸ்காரரிடம் மொத்தமாகக் காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அவர் போட்ட அட்டவணையில் மிருகக்காட்சிசாலை செவ்வாய்க்கிழமையில் இருந்தது. மைசூருவில் செவ்வாய் விடுமுறை. வண்டலூரிலும் அதே செவ்வாய்தான் விடுமுறை, அடுத்த ஸ்டேஷனில் குடியிருக்கும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? மூடிய கேட்டின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். 480 கிலோமீட்டர் போய்ப் பார்த்த கேட்.

ஒராங்குட்டான் விஷயம் தனி. சிம்பன்சி மாதிரி ஆட்டம் காட்டாது, கொரில்லா மாதிரி மிரட்டாது. பெரும்பாலும் தனியாகவே வாழும் பிராணி. யோசித்து யோசித்துத்தான் எதையும் செய்யும். சிங்கப்பூரில் நான் நின்றிருந்தபோது தூறல் விழுந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஒராங்குட்டான் பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்து, உதறி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டது. கோணி ஒரு பக்கம் சரியவே, இழுத்துச் சரிசெய்தது. கோயம்பேட்டில் மழைக்குச் சாக்கு போட்டுக்கொண்டு மூட்டை இறக்கும் ஆட்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதே கை, அதே இழுப்பு. அத்தான் சொன்னதும் பொய்யில்லை. அங்கே கயிறுகளில் அவை நம் தலைக்கு மேலேயே போகும். தலைக்கு மேல் போனால் தலையில் மழையும் பெய்யலாம் என்பதை அவர் வீடியோ காட்டவில்லை.

புகழ் என்று பார்த்தாலும் ஒராங்குட்டானைக் குறைத்து மதிப்பிட முடியாது. சிங்கப்பூரின் ஆ மெங் யாரோ வீட்டில் சட்டவிரோதமாக வளர்த்து, 1971-இல் மீட்கப்பட்ட பெண் ஒராங்குட்டான். அதனோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். 1992-இல் சுற்றுலாத் தூதர் என்று விருதே கொடுத்தார்கள். 2008 பிப்ரவரியில் அது செத்தபோது அஞ்சலிக்கு ஏறத்தாழ 4,000 பேர் வந்தார்கள். மூளையைக் கேட்டால் இன்னொரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஒமாஹா பூங்காவில் 1968-இல் ஃபூ மஞ்சு என்ற ஒராங்குட்டான் திரும்பத் திரும்பத் தப்பித்துக்கொண்டிருந்தது. கதவைப் பூட்ட மறந்தார்கள் என்று ஊழியர்களுக்குத்தான் திட்டு விழுந்தது. கடைசியில் பார்த்தால், அது ஒரு கம்பித் துண்டை வாய்க்குள் உதட்டோரம் ஒளித்து வைத்துக்கொண்டு பூட்டை நெம்பியிருக்கிறது.

இந்தியாவில் ஒராங்குட்டானுக்கு அதிர்ஷ்டம் குறைவு. ஒடிசாவின் நந்தன்கானனில் இருந்த பின்னி, நாட்டின் ஒரே ஒராங்குட்டான், 2019-இல் இறந்தது. அப்புறம் 2021-இல் மைசூருவுக்கு வந்தன. அங்கே நான் பார்த்தவரை, கொரில்லாவுக்கு ஓடுகிற கூட்டம் ஒராங்குட்டானை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறது. திரும்பி வரும் வழியில்தான் நிற்கிறது. குறிப்பாகப் பெண்கள். ஒரு குட்டியை ஆறு, ஏழு வருடம் தாயே தூக்கி வளர்க்கும் என்று அக்காவிடம் சொன்னேன். "நம்ம வீட்டுல மட்டும் என்ன?" என்றாள், இடுப்பில் நாலு வயதுப் பையனோடு.

போனபோ என்று நான்காவது ஒன்று உண்டு. சிம்பன்சியின் ஒல்லியான சகோதரம், காங்கோ ஆற்றுக்குத் தெற்கே மட்டும் வாழ்வது. தனி இனம் என்றே 1933-இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். உலகில் சில பூங்காக்களில்தான் இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் எங்கும் இல்லை. சண்டை சச்சரவை எல்லாம் அது தீர்த்துக்கொள்ளும் விதத்தைக் குடும்பத்தோடு நின்று பார்ப்பதும் கொஞ்சம் சங்கடம். ஆகவே பட்டியலில் சேர்க்கவில்லை.

இனி கணக்கு. சிங்கப்பூருக்கு ஆளுக்கொரு பாஸ்போர்ட், விசா, நாலு மணி நேர விமானம். ஒராங்குட்டானுக்காக மட்டும் போவது என்னைக் கேட்டால் வீண். வேறு காரணத்துக்குப் போகும்போது ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்குங்கள். ஒராங்குட்டானை அவ்வளவு நன்றாகப் பார்க்க வேறு இடம் நமக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மைசூருவில் மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம், அதுதான் அதன் பெரிய பலம். வண்டலூரின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும், நிழலும் அதிகம், அப்பாவின் முழங்கால் தாங்கும். வண்டலூரில் பேட்டரி வண்டி உண்டு என்றாலும் விடுமுறை நாளில் அதற்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் நடந்தே போய்விடலாம் என்று தோன்றும்.

ஆனால் காலாண்டு விடுமுறையும் மைசூரு தசராவும் பெரும்பாலும் ஒட்டியே வரும். அப்போது ரூம் வாடகை ஏறிக்கிடக்கும், பூங்காவில் கொரில்லாவைப் பார்க்க வேண்டிய இடத்தில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்க வேண்டிவரும். காத்திருந்தால்தான் கொரில்லா ஏதாவது கொடுக்கும் என்று சொன்னேனே, அந்தக் கூட்டத்தில் காத்திருக்கவே விடமாட்டார்கள். சிம்பன்சிக்குக் கூட்டம் தடையே இல்லை. நூறு பேர் நின்றாலும் அது அதன் வேலையைப் பார்க்கும்.

எனவே என் தீர்ப்பு இப்படி. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் சிம்பன்சி, அதாவது வண்டலூர், காலை 9 மணிக்குக் கேட் திறக்கும்போதே. பதினோரு மணிக்கு மேல் சென்னை வெயிலில் எந்தக் குரங்கும் நிழலை விட்டு வராது, வர வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. கொஞ்சம் பெரிய பிள்ளை, ஒரே இடத்தில் இருபது நிமிடம் நிற்கும் என்றால் கொரில்லா. அக்கா மகள் நிற்பாளா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. போன வாரம் எங்கள் வீட்டு மாடித் தொட்டியில் ஒரு புழு கூடு கட்டுவதைச் சாப்பாட்டைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்பாள்.

குழுவில் இதைப் பெரிய மெசேஜாகப் போட்டேன். விடுமுறையின் முதல் புதன்கிழமை வண்டலூர். மைசூரு அரையாண்டு விடுமுறையில். காவிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் மைசூரு, செவ்வாய் ராத்திரி கிளம்பினால் புதன் காலை திறந்திருக்கும். அத்தானின் சிங்கப்பூருக்கு யாரும் பதில் போடவில்லை, அவரே ஒரு கட்டைவிரலைப் போட்டுக்கொண்டார். ரயிலுக்கு 60 நாளுக்கு முன்னால்தான் ரிசர்வேஷன் திறக்கும், அலாரம் வைத்திருக்கிறேன் என்று எழுதிய அடுத்த நிமிடமே அப்பாவிடமிருந்து வந்தது: "எனக்கு லோயர் பெர்த் போடு."